நூறு சதவீதம் என்று சொன்ன ஃப்ளெக்ஸ்

அத்தியாயம் 17

சங்ககிரி லாரி ஸ்டாண்டுக்கு எதிரில், பதினெட்டு அடி அகலத்தில், கனிஷ்கா சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் நிஜத்தில் அப்படிச் சிரித்ததே இல்லை. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் கம்ப்யூட்டரில் உதட்டைக் கொஞ்சம் இழுத்துவிட்டிருந்தார். மகளுக்குப் பக்கத்தில், மகளைவிட ஒரு சுற்றுப் பெரிதாக, அப்பா தமிழரசு கைகூப்பி நின்றார். மேலே தங்க எழுத்தில், 'பொன்முகில் பல்கலைக்கழகத்தில் 100% ஸ்காலர்ஷிப் பெற்றுச் சங்ககிரிக்குப் பெருமை சேர்த்த எங்கள் செல்வமே!' கீழே, செல்வத்தின் பெயரைவிடப் பெரிய எழுத்தில், 'தொழிலதிபர் தமிழரசு, ஸ்ரீ கனிஷ்கா ரோடுவேஸ்.'

செவ்வாய்க்கிழமை காலை, காரின் பின்சீட்டில் இருந்து பிரவீனா அதைக் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொண்டாள். கார் அவர்களுடையது அல்ல. தமிழரசுவின் கார் 'சர்வீசுக்கு' விட்டு நாலு மாதம் ஆகிறது. ஐந்து லாரிகளில் நாலு 'குஜராத் லோடு' போயிருக்கின்றன, ஒரு வருடமாக. திரும்பி வராத குஜராத். பிரவீனா டயர் ரீட்ரேடிங் கடையில் தினமும் எட்டு மணி நேரம் பில் போடுவதுகூட 'ஊட்ல பொழுது போகாம'த்தான். ஊரில் யாரும் இதையெல்லாம் குடைந்து கேட்டதில்லை. கேட்காமல் விடுவதும் ஒரு மரியாதைதான்.

போன சனிக்கிழமை பல்கலைக்கழகத்தின் கடிதம் வந்ததும் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். முதல் பக்கத்தில் பொன்னிறப் பட்டையில் 'உங்கள் நிதி உதவித் தொகுப்பு: 100%' என்று இருந்தது. தமிழரசு அத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டு ஃப்ளெக்ஸ் கடைக்குப் போய்விட்டார். அடுத்த பக்கத்தைப் புரட்டியவள் பிரவீனா.

புரட்டியதில் இருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புருஷனிடம் சொன்னாள். "ஏனுங்க, இது நூறு இல்லீங்க. செவ்வாக்கிழமை நாலு மணிக்குள்ள போயிச் சரி பண்ணாட்டி இருக்கறதும் போயிரும்."

தமிழரசு கடிதத்தை வாங்கி, முதல் பக்கத்தையே திரும்பப் படித்தார். "அதெல்லாம் வாடகை பேசற மாதிரிதான் பிரவீனா. நேர்ல போனா எறங்கி வருவாங்க. அண்ணனைக் கூட்டிட்டுப் போலாம். அவருக்கு சேர்மனையே தெரியும்."

இப்படித்தான் ராசப்பன் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

ராசப்பன் தமிழரசுவின் பெரியப்பா மகன். லாரி ஸ்டாண்டு ஓரத்துப் பெட்ரோல் பங்கு, இரண்டு கார், ஒரு ஜேசிபி, கழுத்தில் மூன்று வடம் சங்கிலி. எவரிடம் உண்மையைச் சொல்லக் கூடாதோ அவரையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்லப் போகிற குடும்பம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும் என்று பிரவீனா நினைத்தாள். மடியில் இருந்த கைப்பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள். அதற்குள் நாலாக மடித்த காகிதம் ஒன்று இருந்தது.

"என்ற பையன் கௌசிக்குக்கு இதே யுனிவர்சிட்டில போன வருசம் ஃபுல் மெரிட்டு" என்றார் ராசப்பன், கண்ணாடியில் கனிஷ்காவைப் பார்த்து. "ஒரு பைசா கட்டுல. நம்ம பரம்பரைக்கே மூளை ஜாஸ்தி அம்மணி."

கனிஷ்கா ஐந்நூற்று எழுபத்து மூன்று வாங்கியவள். கௌசிக் அண்ணன் பிளஸ் டூவில் எவ்வளவு வாங்கினான் என்று அவளுக்குத் தெரியும். பள்ளியில் அவன் பெயரும் மதிப்பெண்ணும் ஒட்டிய தாளை அவனே இரண்டு நாளில் கிழித்துவிட்டான்.

"ஆமாங்க பெரியப்பா" என்றாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

"சேர்மன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நம்ம ஆளு."

"நல்ல பழக்கமுங்களா மாமா?" என்றாள் பிரவீனா.

"பழக்கமாவா? ஒரு கலியாணத்துல, நான் எந்திரிச்ச எலைலதான் அவரு உக்கார இருந்தாரு."

வைகுந்தம் டோல்கேட்டில் வரிசை நின்றது. பிரவீனா மணி பார்த்தாள்.

* * *

பல்கலைக்கழகம் கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டி, மலை அடிவாரத்தில் இருந்தது. வாசல் வளைவு ஒரு மன்னர் யானைமேல் வருவதற்கு ஏற்ற உயரம். உதவித்தொகைப் பிரிவு, பின்கட்டில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், இரண்டு பேர் சேர்ந்து நுழைய முடியாத கதவு.

சேர்மன் ஊரில் இல்லை. ராசப்பன் தன் பெயரைச் சொல்லிவிடச் சொன்னார். வரவேற்பில் இருந்த பெண், எந்த ராசப்பன் என்று கேட்டாள். அவர் சங்ககிரி ராசப்பன் என்றார். டோக்கன் எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

டோக்கன் நாற்பத்தொன்று. அவர்கள் முறை வரும்போது மணி இரண்டு ஐம்பது.

அதிகாரி குருமூர்த்தி ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் பச்சைப் பேனா. காலையிலிருந்து நாற்பது குடும்பங்களின் கனவைக் கழித்துக் கூட்டிய களைப்பு முகத்தில். எதிரில் மூன்று நாற்காலிகள் இருந்தன. தமிழரசுவும் ராசப்பனும் கனிஷ்காவும் உட்கார்ந்தார்கள். பிரவீனா நின்றாள்.

"சார், ஒரே வார்த்தைல முடிச்சுக்கலாமுங்க" என்று தமிழரசு தொடங்கினார். "ஃபுல் லோடு ரேட்டுச் சொல்லுங்க. இந்தச் சில்லறைக் கணக்கெல்லாம் நமக்கு ஆகாது. லெட்டர்ல நூறு பர்சென்ட்டுனு நீங்களே போட்டிருக்கறீங்க."

குருமூர்த்தி கடிதத்தைத் திருப்பி இரண்டாம் பக்கத்தை மேலே வைத்தார்.

"வருசத்துக்கு மொத்தச் செலவு நாலு லட்சத்து அறுபதாயிரம். டியூஷன், ஹாஸ்டல், மெஸ், லேப் எல்லாம் சேர்த்து. உங்க பொண்ணு மார்க்குக்கு மெரிட் ஸ்காலர்ஷிப் ஒரு லட்சத்து இருபதாயிரம். அது டியூஷன்ல மட்டும்தான் கழியும். ஹாஸ்டல்ல, மெஸ்ல கழியாது. அதுவும் வருசா வருசம் எட்டு பாயிண்ட் எடுத்தாத்தான் தொடரும்."

"மீதி?" என்றாள் கனிஷ்கா.

"மீதி மூணு லட்சத்து நாப்பதாயிரம். கல்விக் கடன். பேங்க்ல நீங்க வாங்கிக்கணும்."

"கடனும் உதவிங்களா சார்?"

குருமூர்த்தி முதன்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். "முதல் பக்கம் விளம்பரப் பிரிவுல அடிக்கறாங்கம்மா. எனக்கு ரெண்டாம் பக்கம் மட்டும்தான்."

ஸ்டாண்டில் காற்றுக்கு ஆடிக்கொண்டிருக்கும் தங்க எழுத்துகள் பிரவீனாவின் கண்முன் வந்து போயின. நூறில் இருபத்தாறு மகளின் மார்க். மிச்சம் எழுபத்து நாலும் மகளே வட்டியோடு கட்ட வேண்டியது. தன் கடனுக்குத் தானே ஃப்ளெக்ஸ் வைத்துக்கொண்ட ஊர் வேறு எங்கேயாவது இருக்குமா?

கனிஷ்கா பக்கத்தை விரலால் கீழே தள்ளிப் படித்தாள். "சார், இங்க குடும்ப வருமான உதவினு ஒண்ணு இருக்குதே. அது மெரிட்டோட சேர்ந்து வராதுங்களா?"

"வரும். மெரிட் மார்க்கைப் பாத்துக் குடுக்கறது, இது வருமானத்தைப் பாத்துக் குடுக்கறது. ரெண்டு லட்சம் வரைக்கும் கிடைக்கும். ரெண்டும் சேர்ந்து வாங்கறவங்கதான் இங்க பாதிப் பேர்."

"அப்ப எனக்கு ஏன் தகுதி இல்லைனு போட்டிருக்குது?"

குருமூர்த்தி கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

பெற்றோர் அறிவித்த ஆண்டு வருமானம்: பதினெட்டு லட்சம்.

* * *

அந்தப் பதினெட்டு பிறந்த கதை பிரவீனாவுக்குத் தெரியும்.

தமிழரசு எந்தப் படிவத்தைக் கண்டாலும் அதைக் கோயில் நன்கொடைப் பலகை என்று எடுத்துக்கொள்கிறவர். தொகை என்று ஒரு கட்டம் இருந்தால், அதை மைக்கில் வாசிப்பார்கள் என்றே அவருக்குப் படும். போன மாதம் ராசப்பனின் பெட்ரோல் பங்கு ஆபீசில், கௌசிக் கம்ப்யூட்டரில் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தான். சுற்றிலும் ஆறு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சித்தப்பா, வருமானம் எவ்வளவு?"

"பன்னெண்டு போடு கண்ணு."

ராசப்பன் டீயை உறிஞ்சிவிட்டு, "பன்னெண்டுதானா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

"அட, பதினெட்டுப் போடு."

டீக்கு வந்தவர்கள் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலின் விலை வருசத்துக்கு இரண்டு லட்சம் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

* * *

"பதினெட்டா?" என்று இப்போதும் ராசப்பன்தான் முந்தினார். "தம்பி கொறச்சுத்தான் போட்டிருக்கான் சார். லாரிக்காரங்களுக்கு அடக்கம் ஜாஸ்தி."

தமிழரசு சிரித்தார். ஃப்ளெக்ஸில் மகளுக்கு இழுத்துவிட்ட அதே சிரிப்பு.

கனிஷ்கா சிரிக்கவில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள், ஒரு கணக்கில் தப்பு எந்த வரியில் நுழைந்தது என்று தேடுகிற மாதிரி.

"தப்பா எழுதியிருந்தா மாத்தலாம்" என்றார் குருமூர்த்தி. யாரையும் பார்க்காமல், மேஜைக்குச் சொன்னார். "யார் அறிவிச்சாங்களோ அவரே கைப்பட எழுதித் தரணும். தாசில்தார் குடுத்த வருமானச் சான்றிதழ் வேணும். நாலு மணி வரைக்கும்தான். அதுக்கு மேல சீட்டும் உதவியும் பட்டியல்ல அடுத்த ஆளுக்குப் போயிடும்."

மணி மூன்று பத்து.

"அதெல்லாம் எதுக்குங்க சார்!" தமிழரசு நாற்காலியில் சாய்ந்தார். "மூணரை லட்சமோ என்னமோ. கட்டிக்கலாம்."

"எதுலப்பா கட்டறது?" என்றாள் கனிஷ்கா.

சின்னக் குரல்தான். ஜெனரேட்டர்கூட அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது.

"லோடு போன வண்டியெல்லாம் வரட்டும் சாமி..."

"எப்பப்பா வரும்?"

பிரவீனா கைப்பையைத் திறந்தாள்.

நாலாக மடித்த காகிதத்தைப் பிரித்து, ராசப்பனின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, மேஜைமேல் வைத்தாள். இ-சேவை மையத்தில் மூன்று முறை நடந்து, தாசில்தார் ஆபீசில் வாங்கி, என்றைக்காவது ஆகும் என்று அரிசி டின்னுக்குக் கீழே ஒரு மாதம் வைத்திருந்த சான்றிதழ். குடும்பத் தலைவர் தமிழரசு. ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம். அதில் பாதிக்குமேல் பிரவீனா பொழுதுபோகாமல் போட்ட பில்.

ராசப்பன் மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். நிதானமாக, ஒரு எழுத்து விடாமல் படித்தார்.

"இதென்ன பிரவீனா? வேற யாருதையோ எடுத்துட்டு வந்துட்டயாட்ட இருக்குது."

தமிழரசு எழுந்து வெளியே போய்விட்டார்.

* * *

வராந்தாவில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, குடிக்காமல் நின்றார்.

"அண்ணன் முன்னாடி மானத்தை வாங்கிப்போட்டயே பிரவீனா."

"மானம் பதினெட்டு அடில ஸ்டாண்டுல பத்திரமா இருக்குதுங்க. சீட்டுத்தான் நாலு மணிக்குப் போகுது."

"எழுதிக் குடுத்தா நான் பொய் சொன்னவன்னு ஆகும்."

"எழுதாட்டி உங்க மக பதினெட்டு வயசுல கடங்காரினு ஆவா. நாலு வருசத்துக்குப் பதிமூணு லட்சத்துக்கு மேல. அதை எந்த ஃப்ளெக்ஸ்ல போடறது?"

அவர் குழாயை மூடினார். கழுத்துக் காலர் வேர்வையில் நனைந்திருந்தது. வெள்ளைச் சட்டை, இன்றைக்குப் போட காலையில் பிரவீனாதான் கஞ்சி போட்டுத் தேய்த்தாள். அந்தச் சட்டை நிமிர்ந்து நிற்பதை அவர் தானே நிமிர்ந்து நிற்பதாக ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அவளுக்குக் கோபத்தோடு பாவமாகவும் இருந்தது. பாவம் பார்க்க இன்றைக்கு நேரம் இல்லை.

"உள்ள வந்து ஒக்காருங்க. பேசக்கூட வேண்டாம். எழுதுங்க."

"அண்ணனை மொதல்ல வெளிய போகச் சொல்லு."

அதற்கு அவசியம் வரவில்லை. அவர்கள் கதவருகே வந்தபோது, குருமூர்த்தி சும்மா இருக்காமல், டோக்கன் சீட்டில் சங்ககிரி ராசப்பன் என்ற பெயரைப் பார்த்துவிட்டு இன்னொரு கோப்பை எடுத்து வைத்திருந்தார்.

"நீங்கதானே கௌசிக்கோட அப்பா? நல்லதாப் போச்சு, நேர்லயே வந்துட்டீங்க. வருமான உதவிப் புதுப்பிப்புக்குப் புதுச் சான்றிதழ் கேட்டு ரெண்டு கடிதம் போட்டோமே?"

"அது... அப்புறமேட்டுப் பாத்துக்கலாம் சார்."

"போன வருசம் எண்பத்து நாலாயிரம்னு குடுத்திருக்கீங்க. தொழில், நாலு எருமை மாடு. இந்த வருசமும் அதேதானா?"

கனிஷ்கா கையால் வாயை மூடிக்கொண்டாள்.

தமிழரசு நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். பெட்ரோல் பங்கு ராசப்பனின் மச்சினன் பெயரில் இருப்பது அவருக்குத் தெரியும். நிலம் அவர்களுடைய சின்னம்மா பூவாத்தாள் பெயரில் இருப்பதும் தெரியும். அதெல்லாம் வரிக்காக என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார்.

"அண்ணா, மெரிட்டுனு சொன்னீங்க?"

"எல்லாம் ஸ்காலர்ஷிப்புத்தானே தம்பி" என்றார் ராசப்பன், சங்கிலியைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டே. "அதுல என்ன ஜாதி பேதம்?"

இருப்பவர் இல்லை என்று எழுதியிருந்தார். இல்லாதவர் இருக்கிறது என்று எழுதியிருந்தார். இரண்டும் ஒரே பங்கு ஆபீசில், ஒரே கம்ப்யூட்டரில். ஒருவருக்கு அதில் வருசத்துக்கு இரண்டு லட்சம், இன்னொருவருக்கு ஆறு பேர் தலையாட்டல்.

தமிழரசு நடந்து வந்து உட்கார்ந்தார். "பேனா குடுங்க சார்."

பச்சைப் பேனா கை மாறியது. 'நான் அறிவித்த வருமானம் தவறு. சரியான வருமானம் இச்சான்றிதழில் உள்ளபடி' என்று எழுதினார். லாரிக்கு டிரிப் ஷீட் எழுதுகிற கை. எழுத்து நேராகத்தான் வந்தது. அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. 'தவறுக்கான காரணம்.'

மணி மூன்று ஐம்பத்தொன்று.

"ஒரு வரி போதும்" என்றார் குருமூர்த்தி.

தமிழரசு யோசித்தார். பேனா நகர்ந்தது. அவர் கையெழுத்தும் போட்டுத் தள்ளிவிட்ட பிறகுதான் பிரவீனா எட்டிப் பார்த்தாள்.

'பெருமைக்கு எழுதியது.'

குருமூர்த்தி அதைப் படித்தார். சிரிக்கவில்லை. முத்திரையைக் குத்தினார். கனிஷ்கா பக்கத்து மேஜையில் மெரிட் ஒப்புதலில் கையெழுத்துப் போட்டு, ஏசி அறை என்று அப்பா போட்டிருந்த டிக்கை அடித்து, நாலு பேர் அறை என்று மாற்றிக்கொண்டாள். மூன்று ஐம்பத்தேழுக்கு ரசீது வந்தது.

"சீட் உறுதி. வருமான உதவி மட்டும் இன்னும் முடிவாகல" என்றார் குருமூர்த்தி. "பதினெட்டு லட்சம் ரெண்டா இறங்கியிருக்கு. மேலிடத்துல கேப்பாங்க. எங்க ஆள் வந்து வீடு, வண்டி, வசதி எல்லாம் பாத்து எழுதணும். வியாழக்கிழமை வருவார்."

பிறகு ராசப்பன் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டையும் அன்னிக்கே பாத்துடச் சொல்றேன். ஒரே ஊர்தானே?"

* * *

திரும்பி வரும்போது டோல்கேட்டில் ஒரு பையன் வெள்ளரிக்காய் நீட்டினான். ராசப்பன் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

கனிஷ்கா ரசீதை மடிக்காமல் மடியில் வைத்திருந்தாள். ஒருமுறை கையை முன்னால் நீட்டி அப்பாவின் தோளைத் தொட்டாள். அவர் திரும்பவில்லை. அந்தக் கைமேல் தன் கையை வைத்து, சங்ககிரி மலை கண்ணுக்குத் தெரியும் வரைக்கும் எடுக்கவே இல்லை.

ராசப்பன் வண்டியை அவர்கள் வீட்டுக்கு விடவில்லை. தன் பெட்ரோல் பங்குக்குள் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்தார்.

"தம்பி, எறங்கு. ஒரு விசயம்."

இருவரும் இறங்கினார்கள். பிரவீனா ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினாள்.

"வியாழக்கிழமை அந்த ஆளு வாரான்" என்றார் ராசப்பன். குரலில் பங்காளிப் பாசம் வழிந்தது. "என்ற ஊட்டு முன்னால ரெண்டு காரும் ஜேசிபியும் நின்னா நல்லா இருக்காது. ஒரு நாளைக்கு உன்ற ஊட்டு வாசல்ல நிக்கட்டும்."

"என்ற ஊட்டுக்கும் வருவாங்களேண்ணா..."

"வந்தா என்ன? நீதான் எழுதிக் குடுத்துட்டயே, வேலை முடிஞ்சுது. ஊர்க்காரங்க பாத்தா உன்ற காரு சர்வீஸ்ல இருந்து வந்துருச்சும்பாங்க. கூட ஒண்ணு புதுசாவும் வாங்கிட்டாம்பாங்க. உனக்கும் மருவாதிதானே?" சிரித்துவிட்டு, கொஞ்சம் மெதுவாகச் சொன்னார். "இல்லீனா, அந்தக் குஜராத் லோடு கதையெல்லாம் நாலு பேரு பேசற மாதிரி ஆயிப்போகும். எனக்கு அது புடிக்குமா சொல்லு?"

இரண்டு காரின் சாவிகளையும் எடுத்து நீட்டினார். ஒன்றில் வெள்ளிப் பிள்ளையார் தொங்கினார்.

எதிரில், ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஃப்ளெக்ஸ் காற்றில் படபடத்தது. வியாழக்கிழமை வருகிறவர் பஸ்ஸில் வந்தாலும் காரில் வந்தாலும் இந்த ஸ்டாண்டைத் தாண்டித்தான் வர வேண்டும். தொழிலதிபர் என்ற எழுத்தைப் படித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வழி கேட்பார். வாசலில் இரண்டு காரும் ஜேசிபியும் நின்றால், மூன்று ஐம்பத்தொன்றுக்கு எழுதிய அந்த ஒரு வரியும் பொய் என்றுதான் எழுதிக்கொண்டு போவார்.

பிரவீனா கதவைத் திறந்தாள். அதற்குள் கனிஷ்கா மறுபக்கம் இறங்கி, ஃப்ளெக்ஸைப் பார்த்து ரோட்டைக் கடக்கத் தொடங்கியிருந்தாள். காலில் செருப்பு இல்லை. காருக்குள் கழற்றிப் போட்டதை மறந்துவிட்டாள். ஃப்ளெக்ஸ் கட்டின சவுக்குக் கம்பத்தின் அடியில் போய் நின்று, அண்ணாந்து பார்த்து, முதல் கயிற்றில் கையை வைத்தாள்.

தமிழரசு அதைப் பார்க்கவில்லை. நாலு மாதமாகச் சாவி பிடிக்காத அவருடைய வலது கை, அவரைக் கேட்காமலே நீண்டிருந்தது.

வெள்ளிப் பிள்ளையார் அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தார்.

விரல்கள் மூடவில்லை. இன்னும் மூடவில்லை.

"ஏனுங்க" என்றாள் பிரவீனா. "அங்க பாருங்க. உங்க மக கட்டை அவுக்கறா."